பான்கேக் கூட்டத்துக்கு யாரும் வரலாம்

புகார்க் கடிதத்தை எழுதியவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கடைசியில் சொன்னால், அதுவரை என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருந்ததற்காக நீங்கள் வருத்தப்படுவீர்கள்.

எங்கள் ஊரில் அறுபத்தொரு பேர் இருக்கிறோம். கல்லறைத் தோட்டத்தில் முந்நூற்று நாற்பது பேர். ஆகவே ஊரில் பெரிய வேலை என்றால் அது கல்லறைக் குழுவின் வேலைதான். புல் வெட்டுவது, சாய்ந்த கல்லை நிமிர்த்துவது, பனிக்காலத்தில் பாதை ஒதுக்குவது. குழுவில் மூன்று பேர்: ஆரின் ஸ்கோக்ஸ்டாட், அவன் மனைவி வெர்னா, டெல்மர் ஃபியெல்ட் என்கிற நான். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே குழுவில் இருக்கலாமா என்று கேட்காதீர்கள். வேறு யாரும் வர மாட்டேன் என்றுவிட்டார்கள். தேர்தல் வந்தால் மூன்று இடத்துக்கு மூன்று பேர் நிற்போம், மூன்று பேரும் ஜெயிப்போம்.

மாதம் ஒருமுறை தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூட்டம். நான் பேச வேண்டியதை ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டு போவேன். முப்பத்தாறு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவன். எங்கே நிறுத்த வேண்டும், எப்போது கிளம்ப வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் எனக்கு இருப்புக் கொள்ளும். தாளைப் பிரித்து முதல் விஷயத்தை நான் வாசித்ததும் ஆரின் கையை ஆட்டுவான்.

"அதுவா? நேத்து காலைலயே பேசி முடிச்சிட்டோம்."

எல்லாம் அவர்கள் வீட்டுச் சமையலறையில், பான்கேக் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு முடித்திருப்பார்கள். மூன்றில் இரண்டு பேர் பெரும்பான்மை. நான் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஒப்புக்குச் சப்பாணியாக ஒரு கோப்பை காபி குடித்துவிட்டு வருவேன். பதினொரு வருஷம் இதுதான் நடந்தது.

போன அக்டோபரில் தோட்டத்தின் வடக்கு மூலையில் இருந்த லைலாக் பூச்செடி வேலியை வெட்டிவிட்டார்கள். அந்த வேலியை ஒட்டித்தான் என் மனைவி ஜாய்ஸ் இருக்கிறாள். உயிரோடு இருந்தபோதே அந்த இடத்தை அவளே நடந்து பார்த்துத் தேர்ந்தெடுத்தாள், லைலாக்குக்காக. அடுத்த கூட்டத்தில் நான் தாளைப் பிரிக்கவில்லை. நேராகவே கேட்டேன்.

"வேலி எங்கே?"

"வேர் போய்க் கல்லையெல்லாம் தூக்கிடுச்சு டெல்மர்," என்றான் ஆரின். "பேசித்தான் வெட்டினோம்."

"யார்கூடப் பேசி?"

ஆரின் வெர்னாவைப் பார்த்தான். வெர்னா காபியைப் பார்த்தாள்.

அன்று மத்தியானமே மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். எங்கள் மாநிலத்தில் திறந்த கூட்டச் சட்டம் என்று ஒன்று உண்டு. ஊர்க் குழுவோ பள்ளிக் குழுவோ, உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஓரிடத்தில் உட்கார்ந்து குழு விஷயத்தைப் பேசினால் அது கூட்டம். கூட்டம் என்றால் ஒரு நாள் முன்பே பொது இடத்தில் அறிவிப்பு ஒட்ட வேண்டும், வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிட வேண்டும். ஒரு குட்டு வைப்பார்கள், ஆரின் என்னிடம் வந்து தலையைச் சொறிந்துகொண்டு 'மன்னிச்சுக்கோ' என்பான் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. நவம்பரில் பதில் வந்தது. வெர்னா தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் அதை உரக்க வாசித்தாள். சமையலறையில் பேசியதும் கூட்டம்தான். இனி அறிவிப்பு ஒட்டாமல் கல்லறையைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசினாலும் இருவர் பதவியும் போய்விடும். பதவி போய்க் குழுவில் மூன்று பேர் இல்லையென்றால் தோட்டம் மாவட்டத்தின் கைக்குப் போகும்.

மாவட்டத்தின் கைக்குப் போனால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். பக்கத்து ஊரில் பார்த்திருக்கிறோம். நவம்பரில் வாயிலைப் பூட்டினால் பனி உருகி ஏப்ரலில்தான் திறப்பார்கள். நான் ஞாயிறு தவறாமல் ஜாய்ஸிடம் போகிறவன். என் கையாலேயே அந்தப் பூட்டை வாங்கிக் கொடுத்துவிட்டேனோ என்று தோன்றியது.

"யாருடா எழுதியிருப்பான்?" என்றான் ஆரின்.

கடிதத்தில் என் பெயர் இல்லை. நான் பூட்ஸ் கயிற்றைக் கட்டக் குனிந்துகொண்டேன்.

அடுத்த பத்து நாள் அந்த வீட்டில் சத்தமே இல்லை. வண்டியில் இருவரும் போவதைப் பார்த்தால் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆரின் என்னிடம் வந்து அழாத குறையாகச் சொன்னான்.

"நாப்பத்திநாலு வருஷக் கல்யாணம். எங்ககிட்ட பேச மொத்தம் ரெண்டே விஷயம்தான்டா. கல்லறை, வானிலை. இப்போ வானிலை மட்டும்தான் பாக்கி. நேத்து 'குளிருது'ன்னேன். 'ஆமா'ன்னா. அதோட முடிஞ்சுது."

வெர்னா அப்படியே விட்டுவிடுகிற ஆள் இல்லை. நாற்பது வருஷம் பள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்தவள், படிவம் என்றால் அவளுக்குப் பிடிக்கும். பதினோராம் நாள் அஞ்சலகத்தின் கண்ணாடிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது.

'கல்லறைக் குழு. சிறப்புக் கூட்டம். நாளை காலை 6:30. இடம்: ஸ்கோக்ஸ்டாட் வீட்டுச் சமையலறை. விஷயம்: புல்வெட்டும் இயந்திரத்தின் கத்தி. யாரும் வரலாம்.'

அஞ்சலகத்தைப் பார்த்துக்கொள்ளும் லவோன் அதை எனக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினாள். "யாரும் வரலாமாமே டெல்மர். பான்கேக் உண்டா?"

"அதெல்லாம் போடலையே."

"விஷயம்னு கத்தியைத்தான் போட்டிருக்கா. ஆனா ஆறரை மணிக்கு வேற என்ன இருக்கும்?"

மறுநாள் குழு உறுப்பினன் என்ற உரிமையில் நான் போனேன். லவோனும் வந்தாள். கதவைத் திறந்த ஆரின், காலில் செருப்பும் உடம்பில் கம்பளி உள்ளுடுப்புமாக நின்றான். எங்களைப் பார்த்ததும் திரும்பி ஓடினான். வெர்னா நான்கு தட்டு வைத்தாள். கத்தியைப் பற்றி மூன்று நிமிஷம் பேசினோம். பான்கேக்குக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

வெர்னா தினமும் ஒட்டினாள். குளிர்காலத்தில் எங்கள் பக்கம் மனிதர்களுக்கு வேலை கிடையாது. வெளியே எச்சில் துப்பினால் தரையில் விழுமுன் உறைந்துவிடும். அப்படிப்பட்ட காலத்தில் யாரும் வரலாம் என்று ஒரு வீடு கதவைத் திறந்தால் விடுவார்களா? பன்றி வளர்க்கும் ஜெரால்ட் வந்தான். அவன் தன் மாமியாரையும் கூட்டிவந்தான். கிறிஸ்துமஸ் முடிந்தபோது பன்னிரண்டு பேர். சிலர் பான்கேக்கில் ஊற்றப் பாகு கொண்டுவந்தார்கள், சிலர் வாயை மட்டும் கொண்டுவந்தார்கள். நான் ஒருநாள் கூடத் தவறவில்லை. தாளில் எழுதிக்கொண்டு போனதை வாசித்தேன், கேட்டார்கள். ஜாய்ஸ் போன பிறகு ஆறு வருஷம் காலைச் சாப்பாட்டை வானொலிப் பெட்டியோடு சாப்பிட்டவன் நான். சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் இருந்தேன்.

ஆரின்தான் வாடிப்போனான். பிப்ரவரி பிறந்ததும் கரண்டியைக் கீழே போட்டான்.

"போதும் வெர்னா. என் வீட்ல நான் பேன்ட் போட்டுக்கிட்டுத்தான் காபி குடிக்கணும்னு ஆயிடுச்சு. இந்தக் குளிர்காலம் முடியட்டும், நான் குழுவைவிட்டு விலகுறேன்."

ஒருவன் விலகினால் இரண்டு பேர். இரண்டு பேர் என்றால் குழு இல்லை. குழு இல்லையென்றால் பூட்டு. மேசையைச் சுற்றி யாரும் மெல்லவில்லை.

"விலக வேண்டாம்," என்றாள் வெர்னா. "தலைநகரத்துக்குப் போய்க் கேப்போம். ஒரே வீட்ல இருக்கிற புருஷன் பெண்டாட்டி காலைல சாப்பிடும்போது பேசினா அது கூட்டமில்லைன்னு சட்டத்துல ஒரு வரி சேர்த்தா முடிஞ்சுது. இப்போ சட்டமன்றம் நடந்துக்கிட்டுத்தானே இருக்கு?"

நூற்று நாற்பது மைல். "நான் ஓட்டுறேன்," என்றேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தான் செய்யும்.

எங்கள் தொகுதி உறுப்பினர் அந்த ஒரு வரியை மசோதாவாகக் கொடுத்திருந்தார். செவ்வாய்க்கிழமை விசாரணை. பதின்மூன்று பேர் கொண்ட சட்டமன்றக் குழு. தலைவர் மேனார்ட் ரஸ்க், சிரித்த முகம், அகன்ற டை. யார் வேண்டுமானாலும் மூன்று நிமிஷம் பேசலாம். வெர்னா எழுந்து, பான்கேக்கையும் பன்னிரண்டு விருந்தாளிகளையும் சொன்னாள். பதின்மூன்று பேரும் சிரித்தார்கள். ரஸ்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதே காலையில் இன்னொரு மசோதாவும் வந்தது. கிழக்கு எல்லையிலிருந்து வந்த ஒரு முதிய உறுப்பினர், ஊர்க் குழுக்களுக்கு உள்ள திறந்த கூட்டச் சட்டம் சட்டமன்றத்துக்கும் பொருந்த வேண்டும் என்று எழுந்து வாசித்தார். ஒவ்வொரு சட்டமன்றக் கூட்டத்தொடரிலும் அவர் அதைக் கொண்டுவருவாராம். இது ஒன்பதாவது தடவை. அதற்கு யாரும் சிரிக்கவில்லை. அதையும் அவர் பழகியவர்போல் உட்கார்ந்தார்.

"ரெண்டையும் அப்புறம் பாக்கலாம்," என்றார் ரஸ்க். "இப்போ சாப்பாட்டு நேரம்."

சட்டமன்ற உணவகத்துக்குப் போனோம். குழுவில் எட்டுப் பேர், ரஸ்க் முன்னால் நடக்க, உணவகத்தின் பின்னால் இருந்த சின்ன அறைக்குள் போனார்கள். கதவு சாத்தப்பட்டது. வாசலில் நீல மேலங்கி போட்ட ஒரு காவலாளி நின்றார். வெர்னா விரலை மடக்கி எண்ணினாள். பதின்மூன்றில் எட்டு. நேரே அவரிடம் போனாள்.

"உள்ள என்ன நடக்குது ஐயா?"

"சாப்பிடுறாங்கம்மா."

"சாப்பிட்டுக்கிட்டே மசோதாவைப் பத்திப் பேசுவாங்களா?"

"பின்ன? அங்கதானே முடிவாகும். வெளியே வந்து கையைத் தூக்குறது சும்மா சாங்கியத்துக்கு."

"எட்டுப் பேர்னா பெரும்பான்மையாச்சே. அறிவிப்பு எங்க ஒட்டியிருக்கு?"

"அந்தச் சட்டம் சட்டமன்றத்துக்குப் பொருந்தாதும்மா."

"யார் அப்படிச் சொன்னது?"

"சட்டம்தான்."

"சட்டத்தை எழுதினது யாரு?"

அவர் கட்டைவிரலால் பின்னால் இருந்த கதவைக் காட்டினார்.

வெர்னா பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். அவள் முகம் சிவந்து நான் பார்த்ததில்லை. "ஊருக்குத்தான் உபதேசமா?" என்றாள். "ஒரு கத்தியைப் பத்திப் பேச நான் மூணு மாசமா பனியில நடந்து போய்த் தாள் ஒட்டிக்கிட்டிருக்கேன். இவங்க கதவைச் சாத்திக்கிட்டு சூப் குடிக்கிறாங்க."

"சத்தம் போடாதே வெர்னா," என்றான் ஆரின். "நமக்கு வேண்டியது ஒரே ஒரு வரி."

அவள் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. அவள் கண் அறை வாசலில் தொங்கிய கரும்பலகைமேல் இருந்தது. சமையற்காரி ஐடெல் சாக்குக்கட்டியால் எழுதியிருந்தாள்: 'நாளை. ரஸ்க் குழு. 8 பேர். 12:15. உருளைக்கிழங்கு சூப்.' எத்தனை பேர் என்று தெரியாமல் யாரால் சூப் வைக்க முடியும்? ரகசியத்தை எங்கே ஒளித்தாலும் சமையற்காரியிடம் ஒளிக்க முடியாது.

வெர்னா கைப்பையைத் திறந்தாள். வெற்று அறிவிப்புப் படிவங்களை அவள் குடைபோல எப்போதும் கூடவே வைத்திருப்பாள். ஒன்றை எடுத்து மேசையில் வைத்து, பள்ளிக்கூடக் கையெழுத்தில் நிதானமாக நிரப்பினாள். இடம், நேரம், எட்டுப் பேர், சூப், விஷயம்: இரண்டு மசோதாக்கள். அதன் கீழே, 'யாரும் வரலாம்.' மணியைப் பார்த்தாள். பன்னிரண்டு பத்து. உணவக வாசலில் யாரும் எதையும் குத்தலாம் என்று ஒரு பலகை இருந்தது. நாய்க்குட்டி விற்பனைக்கும் கோரஸ் ஒத்திகைக்கும் நடுவில் அதைக் குத்தினாள்.

"இருபத்துநாலு மணி நேரம், அஞ்சு நிமிஷம்," என்றாள். "சட்டப்படி சரியா இருக்கு."

"அவங்க கூட்டத்துக்கு நீ அறிவிப்பு ஒட்டலாமா?" என்றேன்.

"ஒட்டக் கூடாதுன்னு எங்கேயும் இல்லையே. படிச்சுப் பாத்துட்டேன்."

அன்று ஒரு விடுதியில் தங்கினோம். மறுநாள் சட்டமன்றத்தில் தேனீ வளர்ப்போர் தினம். தினம் ஒரு கூட்டத்தார் வந்து கூடத்தில் மேசை போடுவது வழக்கம். முந்தின நாள் பல் மருத்துவர்கள். அன்று மாநிலம் முழுவதிலிருந்தும் தேன்காரர்கள் வந்திருந்தார்கள். காலையிலிருந்து நின்று கால் வலித்தவர்கள், உணவக வாசலில் 12:15, சூப், யாரும் வரலாம் என்று ஒரு தாளைப் பார்த்தால் வேறென்ன செய்வார்கள்? பன்னிரண்டே கால் ஆனபோது அந்தச் சின்ன அறையின் முன்னால் நாற்பது பேர் தட்டோடு நின்றார்கள். ஒரு பத்திரிகைக்காரப் பெண்ணும் குறிப்பேட்டோடு வந்திருந்தாள்.

எட்டு உறுப்பினர்களும் வந்து திகைத்து நின்றார்கள். ரஸ்க் தாளைப் படித்தார். அவர் சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் கழுத்துப் பக்கம் சிவந்தது.

"யாரு இதை ஒட்டினது?"

"நான்தான் ஐயா," என்றாள் வெர்னா.

"அட, பான்கேக் அம்மாவா! நீங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க. இது கூட்டமில்லைம்மா. நாலு சிநேகிதங்க சேர்ந்து சாப்பிடுறோம். சாப்பாடு எப்படிக் கூட்டமாகும்?"

"எங்களுதும் வெறும் பான்கேக்தான் ஐயா."

தேன்காரர்கள் கொல்லென்று சிரித்தார்கள். பத்திரிகைக்காரப் பெண் எழுதிக்கொண்டாள். சாப்பாடு கூட்டமில்லை என்றால் வெர்னா மேல் குற்றமில்லை. கூட்டம்தான் என்றால் கதவைத் திறக்க வேண்டும். இரண்டில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அரசியல்வாதி ஆயிற்றே, எது மலிவு என்று ஒரு நொடியில் கண்டுபிடித்துவிட்டார்.

"நீங்க சொல்றதுதான் சரி," என்று வெர்னாவின் தோளைத் தொட்டார். "காலைல புருஷனும் பொண்டாட்டியும் பேசுறது கூட்டமே இல்ல. உங்க வரி இன்னைக்கே நிறைவேறிடும், நான் பொறுப்பு. நாங்களும் சூப் ஆறுறதுக்குள்ள குடிச்சிடுறோம். சரிதானே?"

ஆரினின் முகம் மலர்ந்துவிட்டது. கிடைத்துவிட்டது. சமையலறை, கம்பளி உள்ளுடுப்பு, பூட்டில்லாத வாயில், எல்லாம் கிடைத்துவிட்டது. நானும் பெருமூச்சு விட்டேன். வெர்னா 'நன்றி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அவள் சொல்லவில்லை. கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இல்ல ஐயா," என்றாள். "அது கூட்டம்தான்."

"வெர்னா!" என்றான் ஆரின்.

"இரு ஆரின். அந்தச் சமையலறையிலதான் ஒரு லைலாக் வேலியை வெட்டலாம்னு நாங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணோம். அது டெல்மரோட பெண்டாட்டி பக்கத்துல இருந்த வேலி. அவனும் குழுவுல இருக்கான். அவனை ஒரு வார்த்தை கேக்கல. பான்கேக் நல்லா இருந்துச்சு, வேலியை வெட்டிட்டோம். அவன் புகார் எழுதினான். நான் அவனா இருந்தாலும் எழுதியிருப்பேன்." ரஸ்க்கைப் பார்த்தாள். "எங்களுக்கு அந்த வரி வேண்டாம். நீங்க கதவைத் திறங்க."

நாற்பது தேன்காரர்கள் முன்னால் எனக்கு அழுகை வந்தது. ஆரின் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தான். நான் கையிலிருந்த சூப்பைப் பார்த்தேன்.

நாற்பது பேர் நிற்க, பேனா ஓட, எந்தத் தலைவர் கதவைச் சாத்துவார்? ரஸ்க் திறந்துவிட்டார். எட்டுப் பேர் உட்கார்ந்து சூப் குடித்தார்கள், நாற்பது பேர் சுவரை ஒட்டி நின்று குடித்தார்கள். முதலில் வானிலையைப் பற்றிப் பேசினார்கள். ஆரின் வாய்விட்டுச் சிரித்தான். "பாவம், இவங்களுக்கும் அது ஒண்ணுதான் பாக்கி," என்றான். கடைசியில் ஒரு உறுப்பினர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "நான் அந்தப் பெரியவரோட மசோதாவுக்கு எதிரா இருக்கேன்னு நேத்து சொன்னேன். ஏன்னு இவங்க முன்னால சொல்ல எனக்கு வாய் வரல. அதனால ஆதரிக்கிறேன்," என்றார்.

முதிய உறுப்பினரின் மசோதா ஒன்பதாவது தடவையில் முதல்முறையாகக் குழுவைத் தாண்டியது, ஏழுக்கு ஆறு. முழு அவையில் நான்கு ஓட்டில் தோற்றது. அதை மறைத்துப் பயனில்லை. அடுத்த தடவை பத்தாவதாகக் கொண்டுவருவார். ஆனால் ரஸ்க்கின் குழு மட்டும், அவர் தலைவராக இருக்கும்வரை, கதவைத் திறந்து வைத்துச் சாப்பிடுவது என்று தானாகவே ஒரு விதி போட்டுக்கொண்டது. பத்திரிகையில் அவர் படம் சூப்போடு வந்திருந்ததில் அவருக்கு மகிழ்ச்சிதான்.

திரும்பும் வழியில் நாற்பது மைல் தாண்டியதும் நான் கேட்டேன்.

"எப்போ தெரியும் வெர்னா?"

"கடிதம் வந்த வாரமே. புகார் பொது ஆவணம் டெல்மர். யார் கேட்டாலும் பிரதி அனுப்பணும். கேட்டேன், மூணு நாள்ல வந்துடுச்சு. உன் எழுத்து கோழி கிறுக்கினாப்ல இருந்துச்சு. லவோன்தான் படிச்சுச் சொன்னா."

"லவோனுக்கும் தெரியுமா?"

"லவோனுக்குத் தெரிஞ்சா ஊருக்குத் தெரியாதா?"

ஆக, ஊரே தெரிந்துகொண்டுதான் மூன்று மாதமாக என்னோடு உட்கார்ந்து பான்கேக் தின்றிருக்கிறது. எனக்குப் பாகை நகர்த்திக் கொடுத்திருக்கிறது.

"எனக்கு மட்டும் தெரியாதா?" என்றான் ஆரின் பின்சீட்டிலிருந்து.

"உன்கிட்ட எப்படிச் சொல்றது? அது கல்லறை விஷயமாச்சே. அறிவிப்பு ஒட்டணும்."

ஆரின் இன்னும் பத்து மைல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தான். "வேலிக்கு நான் உன்னைக் கேட்டிருக்கணும்டா," என்றான் கடைசியில். பிறகு, "அது சரி. ஆனா இப்போ நான் இவகிட்ட எப்போதான் பேசுறது? நான் விலகத்தான் போறேன்."

வழி அடுத்த பான்கேக் கூட்டத்தில்தான் பிறந்தது. குழுவை மூன்றிலிருந்து ஐந்தாக்கிக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஐந்தில் இரண்டு பெரும்பான்மை இல்லை. அப்போது புருஷனும் பெண்டாட்டியும் பேசலாம், பாடலாம், யாரும் கேட்க முடியாது. ஆள் கிடைக்காமல்தான் இத்தனை வருஷம் மூன்றோடு இருந்தோம். வெர்னா இதைச் சொல்லி வாயை மூடவில்லை, லவோன் பாகு ஒட்டிய கையைத் தூக்கினாள்.

"நான் வர்றேன். மூணு மாசமா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன். அந்தக் கத்தியைப் பத்தி என்னைவிட யாருக்குத் தெரியும்?"

ஜெரால்ட் மாமியாரைப் பார்த்தான். மாமியார் அவன் கையைப் பிடித்துத் தூக்கினாள்.

ஏப்ரலில் ஐவர் குழு பதவியேற்றது. வாயிலில் பூட்டு இல்லை. ஆரினுக்கு அவன் சமையலறை திரும்பக் கிடைத்தது. அறிவிப்பு நின்றது, விருந்தாளிகள் வருவதும் நின்றது, வயலில் வேலையும் வந்துவிட்டது. எல்லாருக்கும் நல்லபடியாக முடிந்தது என்று நானும் சொல்லிக்கொண்டு, மறுநாள் காலை என் வீட்டில் வானொலிப் பெட்டியைப் போட்டு, சோள அவலில் பாலை ஊற்றினேன்.

அப்போதுதான் கணக்கு உறைத்தது. அவர்கள் இரண்டு பேர் பேசினால் கூட்டமில்லை. நானும் போய் உட்கார்ந்தால் மூன்று. ஐந்தில் மூன்று பெரும்பான்மை. அந்த மேசைக்கு குழுவில் இல்லாத யார் வேண்டுமானாலும் போகலாம், நான் போனால் சட்டவிரோதம். சட்டத்தைக் கூப்பிட்டவனும் நான்தானே, யாரைத் திட்டுவது? இரண்டு நாள் அவலைத் தின்றேன். மூன்றாம் நாள் கடிதம் வாங்க அஞ்சலகத்துக்குப் போனேன்.

கண்ணாடிக் கதவில் தாள் ஒட்டியிருந்தது.

'கல்லறைக் குழு. நாளை காலை 6:30. ஸ்கோக்ஸ்டாட் வீட்டுச் சமையலறை. விஷயம்: வடக்கு மூலையில் புது லைலாக் கன்றுகள். யாரும் வரலாம்.'

"இனிமே தினம் ஒட்டப் போறாளாம்," என்றாள் லவோன். "விஷயம் ஒண்ணும் இல்லைன்னாலும் ஒட்டுவாளாம். நீ வரணும்னா சட்டப்படி வேற வழி இல்லையாம்."

மறுநாள் ஆறரைக்குப் போய்க் கதவைத் தட்டினேன். சட்டைப்பையில் என் தாள் இருந்தது. ஆரின் திறந்தான். கம்பளி உள்ளுடுப்போடுதான் நின்றான், இந்தத் தடவை ஓடவில்லை. மேசையில் மூன்று தட்டுகள் இருந்தன.

"உக்காருடா," என்றான். "இன்னும் எதையும் பேசி முடிக்கல."